முத்துக்கரையில் ஒரு படகுப் பித்தர்: ஜேம்ஸ் ஹார்னெல்

மனிதரின் பொழுதுபோக்குகள் பலவகைப்படும். சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் பழங்காசு தேடி அலைவர். இவற்றினும் வேடிக்கையாகப் பிறருக்குத் தோன்றும் ஒரு பழக்கம் இரயில்களையும் விமானங்களையும் படம் பிடிப்பது. இப்பழக்கம் உடையவர் இரயிலில் ஏறிப் போவதற்காக நிலையத்துக்கு வருவதில்லை. நடைமேடையின் கடைசியில் காமிராவோடு காத்து நிற்பார். என்ஜின் வந்ததும் அதன் எண், வகை, எந்தப் பணிமனையைச் சேர்ந்தது, எத்தனை பெட்டிகளை இழுத்து வந்தது என்பனவற்றைக் குறித்துக்கொள்வார். விமானத்தைப் படம் பிடிப்பவரோ வாலில் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கண்டவுடன் அதன் வரலாறு முழுவதும் சொல்லிவிடுவார். இதனால் என்ன பயன் என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம்.

அக்கேள்விக்கு நம் தூத்துக்குடிக் கரையிலேயே ஒரு விடை கிடைக்கிறது. இங்கே விமானம் பறவாத காலத்தில், கடல் வாகனங்களை இதே பித்தோடு பார்த்து, அளந்து, வரைந்து, படம் எடுத்து வைத்த ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். உலகெங்கும் பழைய படகுகளைப் பற்றி ஆராய்வோர் எவரும் அவர் பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால், அவர் பல ஆண்டுகள் பணிபுரிந்த இம்முத்துநகரில் அவரை அறிந்தவர் சிலரே.

நுண்ணோக்கியிலிருந்து முத்துச்சிப்பிக்கு

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டு பிறந்தவர். உயிரியலே அவர் தொழில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள ஜெர்சி தீவில், ஜோசப் சைனல் என்பவருடன் சேர்ந்து 1890-களில் ஒரு கடலுயிர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். கடலில் வாழும் சிற்றுயிர்களைக் கண்ணாடித் தகடுகளில் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கேற்ற வகையில் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்பிவந்தார். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒன்றைப் பிறரும் பார்க்கும்படி பதிந்து வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே படிந்துவிட்டது எனலாம்.

அந்நாளில் இலங்கை அரசுக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபம் பல ஆண்டுகள் பொய்த்துப் போயிருந்தது. காரணம் அறிவதற்காக லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். உதவிக்கு அவர் அழைத்து வந்தவரே ஹார்னெல். ஹெர்ட்மன் சில மாதங்களில் தாயகம் திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார். காலியில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு, சிப்பி விளையும் கடலடிப் பார்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக, 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாகப் பெரிய அறிக்கை ஒன்று இலண்டன் ராயல் சொசைட்டியின் வாயிலாக வெளிவந்தது.

இதற்கிடையில் சலாபங்கள் மீண்டும் செழித்தன. 1905-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் முதலிய ஊர்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் முத்துக்குளிப்போர் வந்து கூடினர். காலில் கட்டிய கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறும் அவர்களுக்குக் கிடைத்த கூலி, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் அரசைச் சேரும். அவர்கள் வந்த படகுகளோ ஊருக்கு ஒரு வடிவம். ஒரு சந்திப்பு நிலையத்தில் பல திசை வண்டிகளும் ஒருங்கே வந்து நிற்பது போல, நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே கரையில் வரிசையாக நின்றன. படகுகளை வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது?

தூத்துக்குடியில்

இலங்கைப் பணியின்போதே இந்தியக் கரையின் முத்துச்சிப்பிப் பார்களையும் பார்வையிட்டு, 1905-ஆம் ஆண்டு சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார் ஹார்னெல். 1907-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மீன்துறை தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர், கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியவராக நாம் பாடங்களில் படிக்கும் பிரெடரிக் நிக்கல்சன். அத்துறையில் சேர்ந்த ஹார்னெல், முத்து, சங்கு ஆகியவற்றின் மேற்பார்வையாளராகத் தூத்துக்குடிக்கு வந்தார்.

அன்றைய தூத்துக்குடி எப்படி இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். 1876-இல் இரயில் பாதை இவ்வூரை எட்டியது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் பயணிகள் இங்கிருந்தே கப்பலேறிக் கொழும்புக்குப் போயினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு அவ்வழி தனுஷ்கோடிக்கு மாறும்வரை இந்நிலை நீடித்தது. ஆனால், ஆழம் போதாத காரணத்தால் பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாது. ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சும் அரிசியும் பிற சரக்கும் பாய்கட்டிய படகுகளில் ஏறியே அங்கே சென்றன. நீராவிக்கும் பாய்க்கும் இடையே ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1907-இல் காலியா, லாவோ என்னும் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1908-இல் அவர் சிறை புகுந்தார். நாட்டின் கண்கள் நீராவிக் கப்பல்களின் மீதிருந்தது இயல்பே. அதே துறைமுகத்தில், எவரும் திரும்பிப் பாராத தோணிகளின் மீது ஒருவர் கண் வைத்திருந்தார் என்பதே வியப்பு.

ஹார்னெலின் பதவி அவரிடம் கேட்டது முத்தும் சங்கும் மீனும். அக்கடமையை அவர் செவ்வனே செய்தார். சிப்பிப் பார்களின் நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1914-ஆம் ஆண்டு வெளியான அவருடைய சங்கு பற்றிய நூல் இன்றும் பயன்படுகிறது. கொற்கையிலும் காயலிலும் அறுத்து எறியப்பட்ட சங்குத் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து, அங்கே பண்டைக் காலத்தில் வளையல் அறுக்கும் தொழில் நடந்தது என்று காட்டினார். மதுரைக்காஞ்சி முதலிய சங்கப் பாட்டுகள் தரும் செய்தியோடு அத்துண்டுகளை ஒப்பிட்டும் பார்த்தார். தமிழக அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தது 1968-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே கரைமணலைக் குனிந்து பார்த்தவர் அவர்.

நிக்கல்சனுக்குப் பின் மீன்துறையின் இயக்குநர் பொறுப்பை ஏற்று, 1924-இல் ஓய்வு பெற்றார். இவையெல்லாம் சம்பளம் பெற்றுச் செய்த வேலை. படகுகளோ பெரும்பாலும் அவராகத் தேடிக்கொண்டவை.

படகைப் படித்த முறை

மீன்துறைப் பணிக்காக அவர் கரையோரம் முழுவதும் பயணம் செய்ய நேர்ந்தது. சென்ற இடமெல்லாம் படகைப் பார்த்தார். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பலகைகள் ஆணியால் இணைக்கப்பட்டனவா, கயிற்றால் தைக்கப்பட்டனவா, பாய் சதுரமா, முக்கோணமா, சுக்கான் எங்கே, துடுப்பு எப்படி என்று ஒவ்வொன்றையும் குறித்தார். படம் எடுத்தார், படத்தில் தெரியாத உறுப்புகளைக் கோட்டுருவமாக வரைந்தார். கரைக்குக் கரை மாறும் உள்ளூர்ப் பெயர்களையும் எழுதிக்கொண்டார்.

ஒரு புகைப்படம் படகின் புறத்தோற்றத்தைக் காட்டும். நீருக்குள் இருக்கும் அடிமரத்தையோ, பலகைக்குள் மறைந்திருக்கும் இணைப்பையோ அது காட்டாது. அவற்றை அறிய வேண்டுமானால் படகைக் கட்டிய ஓடாவியிடமும், அதை ஓட்டிய தண்டலிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். படமும் அளவும் பெயரும் ஒன்றாகச் சேரும்போதுதான் பதிவு முழுமை பெறுகிறது. இரயில் படம் எடுப்பவர் என்ஜின் எண்ணைக் குறிக்காமல் விடுவதில்லை; அதன் காரணமும் இதுவே.

அவ்வாறு அவர் கண்டவை எத்தனை! சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வெறும் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதான். ஆயினும் நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் உயர்ந்தும் அமைந்து, அலை மேலே புரண்டாலும் மூழ்காமல் மிதக்கும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஆந்திரக் கரையின் கட்டுமரம் வேறு வகை, தமிழ்க் கரையினது வேறு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகில் ஆணியோ விலா மரமோ கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள், அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். பாக் நீரிணைப் பகுதியின் வத்தையில் குறுக்கே ஒரு நீண்ட பலகை கிடக்கும். காற்று மிகுந்து படகு சாயும்போது ஆட்கள் அப்பலகையின் நுனிக்குப் போய் உட்கார்ந்து சமன் செய்வர். இலங்கையின் ஒருவப் படகில் அவ்வேலையை, பக்கவாட்டில் கட்டிய ஒரு மிதப்பு மரம் செய்கிறது. காவிரியிலும் துங்கபத்திரையிலும் ஓடும் பரிசலைக் கண்ட அவர், ஈராக்கின் வட்டப் படகோடும் வேல்சு நாட்டின் தோல் படகோடும் அதனை ஒப்பிட்டார். தோணியின் முகப்பில் கண் வரையும் வழக்கத்தைக் கவனித்து, அது உலகில் எங்கெங்கு உள்ளது என்று தேடி, 1923-இல் தனியே ஒரு கட்டுரை எழுதினார்.

இவற்றையெல்லாம் தொகுத்து, இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1920-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வங்க ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அதற்கு முன்பு சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். ஹார்னெல் அளந்தது படகுகளை. இரண்டில் எந்த அளவு இன்றும் நமக்கு உதவுகிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின்

ஓய்வு பெற்ற ஆண்டே, 1924-இல், பசிபிக் பெருங்கடலுக்குப் புறப்பட்ட செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலின் ஆய்வுப் பயணத்தில் அறிவியல் குழுவோடு சென்றார். வயது அப்போது ஏறத்தாழ அறுபது. இளமையில் மன்னார் வளைகுடாவில் படித்த பாடத்தை இப்போது தீவு தீவாகச் சென்று தொடர்ந்தார். அதன் பின்னும் மொரிசியசு, மால்டா போன்ற இடங்களின் மீன்தொழிலை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார். போன இடங்களில் படகுகளைப் பார்ப்பதை விடவில்லை.

கேம்பிரிட்ஜ் மானிடவியல் அறிஞர் ஹாடனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பசிபிக் தீவுகளின் படகுகள் பற்றிய மூன்று தொகுதிகளை, 1936 முதல் 1938 வரை ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம் வெளியிட்டது. 1946-இல், அவர் தமது எண்பத்தோராம் வயதை எட்டியபோது, நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய அவரது பெருநூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. மிதக்கும் மரக்கட்டையில் தொடங்கி, சுரைக்குடுக்கை, தோற்பை, பரிசல், தோணி என்று மனிதன் நீரைக் கடந்த கதை முழுவதும் அதில் உண்டு. 1949-இல் ஹார்னெல் மறைந்தார். பல கடல்களில் மீன்பிடித் தொழிலைக் கண்ட அனுபவங்களைக் கூறும் நூல் ஒன்று, மறைந்த மறு ஆண்டு வெளிவந்தது.

கருத்து மாறும், பதிவு நிற்கும்

பெரியோரின் வாழ்வை எழுதும்போது நிறையை மட்டும் எழுதுவது முறையாகாது. ஹார்னெலின் முடிபுகள் சில காலத்தால் கைவிடப்பட்டன. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளநிலையே நல்முத்து உண்டாவதற்குத் தலையாய காரணம் என்று ஹெர்ட்மனும் அவரும் கருதினர். பின்வந்த அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே ஒரு பையாக அமைந்து முத்தைச் சுரக்கிறது என்பதே நிலைத்த உண்மை. மேலுறைத் துண்டையும் ஒரு மணியையும் சிப்பிக்குள் வைத்து முத்து வளர்க்கும் முறை அவ்வுண்மையின் மீது எழுந்தது. அம்முறையில் 1973-ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வெற்றி கண்டது நம் தூத்துக்குடிக் கடலில்தான்.

அவ்வாறே, மிதப்பு மரம் கட்டிய படகுகளைக் கொண்டு, பழங்காலத்தில் கிழக்குத் தீவுகளின் மக்கள் இக்கரையில் வந்து குடியேறினர் என்றும், நம் கரையோரச் சமூகங்கள் சிலவற்றின் பூர்விகம் அதுவே என்றும் அவர் ஊகித்தார். தென்கிழக்காசியக் கடலோடிகளோடு நமக்குத் தொடர்பு இருந்தது என்பதை ஆய்வாளர் பலர் ஒப்புவர். ஆனால் ஒரு படகின் உறுப்பைக் கொண்டு ஒரு சமூகத்தின் பிறப்பையே முடிவு கட்டுவதை இன்று ஏற்பதற்கில்லை. மேலும், அவர் ஆங்கில அரசின் அதிகாரி. முத்திலும் சங்கிலும் அரசுக்கு வரும் வருவாயைப் பெருக்குவதே அவருக்கு இட்ட பணி. அவர் நூல்களின் அட்டையில் அவர் பெயரே உண்டு. அறிவைக் கொடுத்த ஓடாவிகளின் பெயரை அங்கே காண முடியாது.

இவ்வளவுக்குப் பின்னும் நிற்பது எது? ஊகங்கள் போயின, அளவுகளும் படங்களும் நிற்கின்றன. 1990-களில் ஷான் மக்கிரெயில் முதலிய ஆய்வாளர்கள் தமிழகக் கரையில் வத்தைப் படகுகள் கட்டப்படும் முறையை ஆராய்ந்தனர். மக்கிரெயிலும் நண்பர்களும் 2003-இல் தெற்காசியப் படகுகள் பற்றி நூல் எழுதியபோது, ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் முன் இருந்த பழைய பதிவுகளில் முதன்மையானவை ஹார்னெலுடையவை. நேற்று எப்படி இருந்தது என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால்தானே இன்று என்ன மாறியது என்று சொல்ல முடியும்?

நமக்கு மிஞ்சியுள்ள பணி

இக்கரையில் மாறியது கொஞ்சமன்று. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துச்சலாபமே கடைசி; அதன்பின் சலாபமே இல்லை. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே கரையை அணைகின்றன. 2011 முதல் அது வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கிறது. பாய்விரித்துக் கொழும்புக்குப் போன தோணிகள் இயந்திரம் பூண்டன. அத்தகைய தோணிகள் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்வதை இன்றும் காணலாம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, கட்டுமரம் அருகியது. இம்மாற்றங்களால் மீனவரின் உழைப்புக் குறைந்தது. அதை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய படகுகளோடு அவற்றைக் கட்டும் கணக்கும், உறுப்புகளின் பெயரும், காற்றறிந்து பாய் திருப்பும் நுட்பமும் மறைகின்றன. ஓடாவியின் கணக்கு ஏட்டில் இல்லை. அவர் கையில் இருக்கிறது. அந்தக் கை ஓய்ந்தால் கணக்கும் ஓய்ந்துவிடும்.

மாணவ நண்பர்களே! ஹார்னெல் காலத்தில் காமிரா என்பது சிலருக்கே கிட்டிய பொருள். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி வடிவில் அது இருக்கிறது. இரயிலையோ விமானத்தையோ கப்பலையோ படம் எடுப்பதில் விருப்பம் உள்ளவர் நம்மிடையே பலர் உண்டு. துறைமுகம், விமான நிலையம் போன்ற காவல் உள்ள இடங்களில் அனுமதி பெற்றே படம் எடுக்க வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது. தோணி கட்டும் கரைக்கும் மீனவர் குடியிருப்புக்கும் அத்தகைய அனுமதி தேவையில்லை. ஒரு வணக்கமும், உரியவரின் இசைவும், கேட்கும் பொறுமையும் போதும்.

படம் எடுத்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. படகின் பெயரும் நீள அகலமும், மரம் எது, கட்டிய ஆண்டு எது, ஒவ்வோர் உறுப்பையும் கரையில் எப்படி அழைக்கின்றனர் என்பனவும் எழுத வேண்டும். வரலாறு படிப்பவர் ஆண்டைக் கேட்கட்டும். விலங்கியல் படிப்பவர் மீனைக் கேட்கட்டும். தமிழ் படிப்பவர் சொல்லைத் திரட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்னெலின் அட்டையில் இடம்பெறாத ஒன்றை நாம் முதல் வரியிலேயே எழுதுவோம். அது அப்படகைக் கட்டிய ஓடாவியின் பெயர், அவர் விரும்பினால்.